பொட்டி தட்டுறவங்க மட்டும்தான் புரோகிராமரா?

மார்ச் கணக்கு முடிந்து, ஆடிட்டர் வந்து போய், ஒருவழியாக மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. ஆணி குறைந்ததும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

புனேயில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு இடத்தில் சேர்ந்தால் மூன்று வீட்டில் பொட்டி தட்டுபவர் ஒருவர் இருப்பார். ஹிஞ்சவடி பக்கம் என்றால் நாலு வீட்டிலுமே இருப்பார். பொங்கல் விழாவோ பிள்ளையின் பிறந்தநாளோ, அரை மணி நேரத்தில் பேச்சு கருவிகளுக்குப் போய்விடும். ஜாவா நல்லதா பைத்தான் நல்லதா, எந்த எடிட்டரில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும், ஏஐ வந்தபிறகு யாருக்கெல்லாம் வேலை இருக்கும்... பி.காம். படித்த வங்கிக்காரனான நான் கேசரித் தட்டோடு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் குடியிருப்பில் கோவில்பட்டித் தம்பி ஒருவர் இருக்கிறார். தங்கமான பிள்ளை. ஆனால் என் லேப்டாப்பில் எக்செல் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். "இதெல்லாம் ஒரு டூலா சார்? கணக்குப்பிள்ளை நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கீங்க. இதுல எழுதுறதெல்லாம் புரோகிராம் ஆகாது."

எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி சண்டை. சம்மதத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் சண்டை.

எக்செல்லில் எழுதுவதும் புரோகிராம்தான். "இந்தக் கட்டத்தில் இருப்பது 90க்கு மேல் போனால் வாராக்கடன் என்று எழுது, இல்லாவிட்டால் சும்மா விடு" என்று ஒரு ஃபார்முலா போடுகிறோமே, அது என்ன சமையல் குறிப்பா? கணினிக்கு நாம் கொடுக்கும் கட்டளைதானே. எக்செல் ஃபார்முலாதான் உலகத்திலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் நிரல்மொழி என்று 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். விற்கிறவர் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், எங்கள் வங்கியில் நான் பார்த்தவரை அது பொய்யில்லை.

அதன் பிறப்பைப் பாருங்கள். 1978ல் ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின் என்ற மாணவருக்கு வந்த யோசனை இது. கரும்பலகையில் வாத்தியார் போட்ட அட்டவணையில் ஒரு எண் மாறினால், அதைச் சார்ந்த எல்லா எண்ணையும் அழித்து எழுதவேண்டியிருந்தது. அது தானாகவே மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979ல் விசிகால்க் வெளிவந்தது. அப்புறம் 1983ல் லோட்டஸ் 1-2-3, 1985ல் எக்செல். ஆக, காமர்ஸ்காரன் வேலைக்கென்றே பிறந்த கருவி இது. பொட்டி தட்டுபவர்கள் எங்களுக்குக் கடன் கொடுத்ததில்லை :-)

எங்களுக்கு ஏன் இது பிடிக்கிறது? கோர் பேங்கிங்கில் ஒரு புது அறிக்கை வேண்டுமென்றால் கடிதம் எழுதி, மேலிடம் ஒப்புதல் கொடுத்து, ஐடி துறை வரிசையில் நின்று, மாசக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மண்டல அலுவலகமோ "இன்று மாலை 4 மணிக்குள்" என்று கேட்கும். எக்செல்லுக்கு யார் அனுமதியும் வேண்டாம். டெக்ஸ்ட் ஃபைலை இறக்கி, ஒட்டி, நாலு ஃபார்முலா போட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்தச் சுதந்திரம் சாதாரண விஷயமில்லை. கிளையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

சண்டை முடிந்தது. இனி சம்மதம்.

தம்பி வேலை பார்க்கும் இடத்தில் அவர் எழுதிய பத்து வரியும் அப்படியே உள்ளே போய்விடாது. இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொல்லவேண்டும். தானாக ஓடும் சோதனைகள் இருக்கின்றன. யார், எந்தத் தேதியில், எந்த வரியை, ஏன் மாற்றினார் என்பது கிட் என்ற கருவியில் பதிவாகிவிடும் (லினக்ஸ் வேலைக்காக 2005ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது). தப்பு நடந்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம்.

எங்கள் கிட் எப்படி இருக்கும் தெரியுமா? "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் திருத்தியது", "ஃபைனல் ஆர்.எம். சார் சொன்னது". இதில் எது நிஜமான ஃபைனல் என்பது அதைப் போட்டவருக்குத்தான் தெரியும். அவரோ மாற்றலாகிப் போயிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இன்னொருவர் சரிபார்ப்பது வங்கிக்குப் புதிதே இல்லை. பொட்டி தட்டுபவர்கள் பிறப்பதற்கு முன்பே எங்களிடம் இருந்தது. ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். மேக்கர், செக்கர். ஐயாயிரம் ரூபாய் வவுச்சராக இருந்தாலும் ரெண்டு பேர் கண் பட்டால்தான் பல இடங்களில் நகரும். இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி அச்சில் ஏற்றியது 1494ல். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ரெண்டும் சமமாகாவிட்டால் எங்கோ தப்பு என்று கணக்கே கத்தும். சாஃப்ட்வேர்காரர்கள் இன்று சோதனை என்று எழுதுவதன் தாத்தா அதுதான்.

பேரேட்டு காலத்து சீனியர்கள் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள். பேலன்ஸ் எடுக்கும்போது வித்தியாசம் வந்தால் அதை 9ஆல் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி பதினோரு மணிவரை உட்கார்ந்து பத்துப் பைசா வித்தியாசத்தைத் தேடியவர்கள் அவர்கள். பத்துப் பைசாவைக் கையிலிருந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்டால் கோபம் வரும். "பத்துப் பைசாவுக்குப் பின்னாடி பத்தாயிரம் ஒளிஞ்சிருக்கும்டா" என்பார்கள்.

அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நாங்கள், வவுச்சருக்கு ரெண்டு கண் கேட்கிறோம். அந்த வவுச்சரின் தொகையைப் போட்டுத்தந்த எக்செல் ஷீட்டுக்கு ஒரு கண்ணும் கேட்பதில்லை. இந்தப் பதிவின் சாரமே இதுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஊர், விதர்பா பக்கம். வங்கிப் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம். பென்ஷன் அரியர்ஸ் கணக்கு ஒரு ஷீட்டில் போடப்பட்டு, அதிலிருந்தே பட்டுவாடா ஃபைல் தயாராகும். வருஷக்கணக்காக அப்படித்தான். ஒருநாள் ஒரு வயதான அம்மா வந்தார். கணவர் இறந்தபின் குடும்ப பென்ஷன் வாங்குபவர். காலண்டர் தாளின் பின்பக்கம் மராத்தியில் மாதவாரியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தனக்கு வரவேண்டிய அரியர்ஸ் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். கவுண்டரில் இருந்தவர் "சிஸ்டத்துல எல்லாம் சரியா இருக்கு ஆயி" என்று ரெண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அந்த அம்மா மூன்றாம் முறை வந்தபோது தாளை வாங்கி ஷீட்டோடு வைத்துப் பார்த்தோம். ஃபார்முலா 200ஆவது வரிசையோடு நின்றிருந்தது. புதிதாகச் சேர்ந்த பென்ஷன்காரர்கள் பதினோரு பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். பட்டுவாடா ஃபைலும் அதே 200 வரை. அதனால் ஷீட்டின் மொத்தமும் வவுச்சரின் மொத்தமும் பைசா சுத்தமாகப் பொருந்தின. மேக்கர் பார்த்தார், சரி. செக்கர் பார்த்தார், சரி. ஒரே தப்பை ரெண்டு இடத்தில் வைத்து ஒப்பிட்டால் சரியாகத்தானே இருக்கும்! ஷீட்டை முதலில் எழுதியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட யாருக்கும் தெரியவில்லை. பணம் பிறகு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த ஷீட்டுக்கு உண்மையான செக்கர் அந்த அம்மாவின் காலண்டர் தாள்தான்.

இது ஏதோ ஒரு சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். பெரிய இடத்துக் கதைகளைப் பாருங்கள்.

2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் தினசரி கொரோனா கணக்கில் 15,841 பேர் விட்டுப்போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலைச் சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியிருந்தது. அதில் 65,536 வரிசைதான் கொள்ளும். அதற்குமேல் வந்தது சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. (2007ல் வந்த புதிய வடிவத்தில் 10,48,576 வரிசை.) நோயாளிகளுக்கு முடிவு போய்விட்டது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமானது.

2012ல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் பிரிவில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த ஆண்டு அந்த வங்கியே வெளியிட்ட அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? அபாயத்தை அளக்கும் மாதிரி எக்செல் ஷீட்டுகளில், கையால் வெட்டி ஒட்டி ஓடியது. ஓரிடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது. அதனால் அபாயம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. நஷ்டத்துக்கு அது மட்டுமே காரணமில்லை. ஆனாலும் அளவுகோலே கோணல்.

2010ல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பொருளாதார அறிஞர்கள், அரசுக் கடன் அதிகமானால் வளர்ச்சி எப்படி அடிவாங்கும் என்று எழுதிய கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. 2013ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே ஷீட்டை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. அந்தக் கட்டுரையில் வேறு கேள்விகளும் எழுந்தன. ஆனால் வரிசை விட்டுப்போன கதை, நம்ம பென்ஷன் கதையேதான்.

மூன்றிலும் பாருங்கள், கெட்டுப்போனது கருவி இல்லை. எழுதியவரைத் தவிர வேறு யாரும் ஷீட்டின் உள்ளே பார்க்கவில்லை. பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

நம் ரிசர்வ் வங்கிக்கு இது புரியாமலில்லை. எந்தக் கடன் வாராக்கடன் என்று பிரிப்பதையும் அதற்கான ஒதுக்கீட்டையும் கையால் தொடாமல் கணினியே செய்யவேண்டும் என்று 2020 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டு, 2021 ஜூன் 30 வரை கெடு கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கிளைகளிலும் மண்டல அலுவலகங்களிலும் அன்றாடம் ஓடும் ஆயிரம் சின்ன ஷீட்டுகளுக்கு எந்தச் சுற்றறிக்கை வரும்? நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"அதெல்லாம் செய்ய நேரம் ஏது சார்?" என்று கேட்பீர்கள். நியாயம். பத்துப் பேர் வேலையை ஐந்து பேர் பார்க்கும் கிளையில் இருந்தவன்தான் நானும். இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் நாராயணமூர்த்தி சொன்னபோது நாடே சண்டை போட்டது. என் கேள்வி வேறு. இப்போது உழைக்கும் மணிகளில் எத்தனை மணி, ஒரே எண்ணை மூன்று துறைக்கு மூன்று வடிவத்தில் அனுப்புவதற்கும், பொருந்தாத மொத்தத்தைத் தேடுவதற்கும் போகிறது? மாற்றலாகிக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது ரயில் சோலாப்பூரைத் தாண்டியிருக்காது, பழைய கிளையிலிருந்து போன் வரும். "சார், அந்த ஷீட்டோட பாஸ்வேர்ட் என்ன?" தங்கமணி பார்க்கும் பார்வை இருக்கிறதே... சரிபார்க்கும் அரை மணி நேரமும் வேலை நேரம்தான் என்று மேலிடம் ஒத்துக்கொண்டால், நாலு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு, ஃபார்முலா தெரியாதவர்கூட தமிழில் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்கிறார். நல்லதுதான். ஆனால் எழுதுவது மலிவாகிவிட்டது, சரிபார்ப்பது மலிவாகவில்லை. எழுதியவருக்கே புரியாத ஃபார்முலாவில் மேக்கரே இல்லை; செக்கர் எங்கிருந்து வருவார்?

சரி, வங்கியை விடுங்கள். நம் வீட்டுக்கும் சங்கத்துக்கும் வருவோம். வெளியூரில் இருக்கும் நமக்கு இது ரொம்பப் பொருந்தும். தமிழ்ச் சங்கப் பொங்கல் வசூல், குடியிருப்புப் பராமரிப்புக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாமே யாரோ ஒருவர் லேப்டாப்பில் எக்செல்லாகத்தான் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் கணக்கும் போய்விடும். அப்புறம் "அவர் காலத்தில் என்ன ஆச்சோ" என்று பேச்சு வரும். நேர்மையாக இருந்தவர் பெயர்தான் கெடும். அதனால் சில யோசனைகள்:

1. வந்த விவரம் ஒரு ஷீட்டில், கணக்கு இன்னொரு ஷீட்டில். முதல் ஷீட்டில் யாரும் ஃபார்முலா போடக்கூடாது.

2. மொத்தத்தை ரெண்டு வழியில் எடுங்கள். வரிசைவாரியாக ஒன்று, பத்திவாரியாக ஒன்று. ரெண்டின் வித்தியாசத்தை ஒரு கட்டத்தில் காட்டுங்கள். அது எப்போதும் பூஜ்யமாக இருக்கவேண்டும். கூடவே, பட்டியலில் எத்தனை பேர், கணக்கில் எத்தனை பேர் என்று தலை எண்ணுங்கள். அந்த அம்மாவைப் போன்றவர்களைப் பிடித்துக்கொடுப்பது தலை எண்ணிக்கைதான், மொத்தம் இல்லை.

3. கணக்கு எண், போன் எண் எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். எண்ணாக ஒட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். 16 இலக்கக் கணக்கு எண் வைத்திருப்பவர்கள் உஷார்.

4. தேதியைப் பாருங்கள். கணினியில் அமெரிக்க முறை இருந்தால் 5/6 என்பது ஜூன் 5 இல்லை, மே 6. இந்தத் தானாகத் தேதியாக்கும் தொல்லை தாங்காமல், 2020ல் சில மனித மரபணுக்களின் பெயரையே விஞ்ஞானிகள் மாற்றவேண்டி வந்தது. எக்செல்லை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது பாருங்கள்!

5. வட்டி விகிதத்தையோ சந்தாத் தொகையையோ ஃபார்முலாவுக்குள் புதைக்காதீர்கள். தனிக் கட்டத்தில், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு வையுங்கள்.

6. முதல் பக்கத்தில் யார் எழுதியது, எதற்கு, எப்போது எதை மாற்றினோம் என்று தமிழிலேயே நாலு வரி. கூகுள் ஷீட்ஸில் போட்டால் பழைய பதிப்புகளும் கிடைக்கும், ஏழைகளின் கிட் :-)

7. கடைசியாக, முக்கியமாக: இன்னொருவர் அதைத் திறந்து, ஏதாவது மூன்று பேர் கணக்கைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கட்டும். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். செக்கர் இருப்பது மேக்கரைக் காப்பாற்றத்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுக்கிறேன் என்றால், ஏதோ குடி முழுகிப்போனமாதிரி பெற்றோர் முகம் சுருங்குகிறது. "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கலையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். காமர்ஸ் பிள்ளைக்குச் சந்தேகப்படக் கற்றுத்தருகிறோம்: பற்றும் வரவும் சமமா, ஆதாரம் எங்கே, யார் கையெழுத்து? இதோடு ஷீட்டைப் புரோகிராமாக நினைத்து எழுதவும் கற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளை எந்த அலுவலகத்திலும் பிழைத்துக்கொள்ளும். அதேபோல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பேரேட்டைக் காட்டிக்கொடுங்கள். வங்கிக்கு மென்பொருள் எழுதும் எத்தனையோ பிள்ளைகள் பற்றுக்கும் வரவுக்கும் வித்தியாசம் கேட்டு எங்களிடம்தான் வருகிறார்கள்.

எந்தக் கருவி ஒசத்தி என்ற சண்டை தம்பிகளுக்குள் நடக்கட்டும். நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். நீங்கள் எழுதியதை வேறொருவர் பார்த்தாரா?

உங்கள் அலுவலகத்தில், உங்கள் சங்கத்தில் யாரும் உள்ளே பார்க்காத ஷீட் எத்தனை ஓடிக்கொண்டிருக்கிறது? திறந்து பார்த்துவிட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

டிஸ்கி: இதில் இருப்பது என் சொந்தக் கருத்து, என் வங்கியின் கருத்து இல்லை. ஃபார்முலா கேட்டு மெயில் அனுப்புபவர்கள் மார்ச் 15க்கும் ஏப்ரல் 15க்கும் நடுவில் அனுப்பாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.